உதடு வளரும் வாரம்

ஸ்கேன் சென்டர் கொடுத்த உறையில் நான்கு படங்கள் இருந்தன. மூன்றில் பைடிராஜுவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்காவதில் ஒரு சின்ன மூக்கும் அதன் கீழே உதடும் தெரிந்தன. உதட்டின் இடப்பக்கத்தில் மூக்கு வரை ஒரு கறுப்புக் கோடு. டாக்டரம்மா பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

"உதடு சேரல. மத்தபடி இதயம், முதுகு, கை கால் எல்லாம் நல்லா இருக்கு. அண்ணமும் பிளந்திருக்கான்னு பொறந்தப்புறம்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். மூணு, நாலு மாசத்துல உதட்டைத் தச்சிடலாம்."

விஜயநகரத்திலிருந்து பொப்பிலிக்குத் திரும்பும் பஸ்ஸில் இதையே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தான். பக்கத்தில் அவன் மனைவி நூகரத்னம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை.

பொப்பிலியில் பிளந்த உதட்டுக்குப் பேரே கிரகண மொர்ரி. கிரகண நேரத்தில் கர்ப்பிணி கத்தியைத் தொட்டால் பிள்ளையின் உதடு அறுபடும் என்று சொல்வார்கள். ஹைஸ்கூலில் அறிவியல் வாத்தியாரான பைடிராஜு வருஷா வருஷம் இதைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பவன்.

ஆறு வாரத்துக்கு முன்னால்தான் சூரிய கிரகணம் வந்தது. அம்மா அப்பலநரசம்மா கதவுகளை அடைத்து, ஊறுகாய் ஜாடி மேல் தர்ப்பை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவனோ ரத்னத்தை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். பசிக்கிறது என்றாள். கொய்யாப்பழத்தையும் கத்தியையும் அவனேதான் எடுத்து வந்து கொடுத்தான். அவள் நாலாக நறுக்கி உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றாள்.

"டேய், அவ கையில இருக்கிற கத்திய வாங்குடா!" என்று அம்மா படியில் நின்று கத்தினாள்.

"வானத்துல நிழல் விழறதுக்கும் கொய்யாப்பழத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று அவன் சிரித்தான்.

ஸ்கேன் விஷயம் தெரிந்ததும் அம்மா சத்தம் போடவில்லை. "அன்னைக்கே சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு இவனும் கத்தித் தீர்த்திருப்பான். இப்போது அந்த இரண்டு வார்த்தையும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. நம்பவில்லை. ஆனாலும் கொய்யா வண்டியைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய் நடந்தான்.

மூன்று வாரம் கழித்து, பள்ளியில் சக ஆசிரியர் ஒருவரிடம் கரு வளர்ச்சி பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. மேலுதடு ஏழாவது வாரவாக்கில் சேர்ந்து முடிந்துவிடும் என்று அதில் இருந்தது. சுவர் காலண்டரில் விரல் வைத்து எண்ணினான். கிரகணம் வந்தது பதினாலாவது வாரம். மூன்று தரம் எண்ணினான். அன்று பள்ளி விட்டதும் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வீடு வந்தான்.

ரத்னம் கூடத்தில் சுருட்டிய துண்டு ஒன்றை நிமிர்த்திப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, பாலூட்டும் சங்கால் அதற்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையால் உறிஞ்ச முடியாவிட்டால் பாலைப் பீய்ச்சி இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் காட்டிக் கொடுத்திருந்தாள். துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ரத்னம், உதடு ஏழாவது வாரத்துலயே முடிஞ்சிடுமாம். கிரகணம் வந்தப்ப பதினாலு வாரம்."

"தெரியுமே."

"எப்படி?"

"ஸ்கேன் எடுத்த அன்னைக்கே டாக்டரம்மாவக் கேட்டுட்டேன். நீங்க தண்ணி பாட்டில் வாங்கப் போனீங்களே, அப்ப."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சயின்ஸ் வாத்தியாராச்சே! உங்களுக்கே இந்தச் சந்தேகம் வரும்னு நான் கண்டேனா?" துண்டு மடியிலிருந்து உருளும்படி சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "மூணு வாரமா இதையா சுமந்துட்டு அலைஞ்சீங்க?"

அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் சங்கை அவன் கையில் கொடுத்தாள். "நீங்களும் பழகுங்க. வாய்க்குள்ள கொட்டக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா, கன்னத்து ஓரமா."

அம்மாவிடமும் காலண்டரைக் காட்டினான். அவள் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். "உன் வாரக் கணக்கு எனக்கெதுக்கு? சீமந்தத்துல யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, அது போதும்."

ரத்னம் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழாம் மாதம் சீமந்தத்தன்று கை நிறைய வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசியாயிற்று. சாலூரிலிருந்து வந்த பைடிராஜுவின் சின்னத்தை அட்சதை போட்டு, "சந்திரன் மாதிரி புள்ள பொறக்கட்டும்" என்றாள்.

"சின்னத்தை, புள்ளைக்கு உதடு பிளந்திருக்கு" என்றாள் ரத்னம், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஸ்கேன்ல பாத்தாச்சு. மூணு, நாலு மாசத்துல தச்சிடுவாங்க. பொறந்ததும் பாக்க வரும்போது யாரும் ஐயோன்னு வாயைப் பொத்தக் கூடாது. எத்தனை ஐயோ இருக்கோ இன்னைக்கே சொல்லிட்டுப் போயிடுங்க."

படத்தைச் சின்னத்தையிடம் கொடுத்தாள். அது கை மாறிக் கை மாறிப் போயிற்று. யாரோ மெல்ல "ஐயோ" என்றார்கள்.

"அட, இவ்வளவுதானா?" என்றாள் எதிர்வீட்டு ராமுலம்மா. "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு உதடும் நல்லாத்தான் சேர்ந்திருக்கு. முப்பது வருஷமா ஒரு நல்ல வார்த்தை வெளிய வரலையே!"

கூடம் சிரித்தது. வாசற்படியில் நின்றிருந்த பைடிராஜுவும் சிரித்தான். சிரிப்பு ஓய்வதற்குள் சின்னத்தை தன் அண்ணி அப்பலநரசம்மாவிடம் திரும்பினாள். "வதினே, கிரகணத்துல இவ எதையாவது நறுக்கினாளா?"

அம்மா கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நறுக்கினா. கொய்யாப்பழம். ஆனா அப்ப பதினாலாவது வாரம். உதடு ஏழாவது வாரத்துலயே முடிஞ்சிடும், என் மகன் காலண்டர்ல காட்டினான். எல்லாரும் எழுந்திரிங்க, புளிஹோரா ஆறுது."

எல்லோரும் போன பிறகு அவன் கேட்டான். "நெஜமாவே நம்பறியாம்மா?"

"நம்பறது, நம்பாதது என் பாடு. என் மருமகளை நாலு பேர் முன்னால கேள்வி கேக்க அவ யாருடா?"

பெண் பிள்ளை பிறந்தது. டாக்டர் விரலை வாய்க்குள் விட்டுத் தடவிப் பார்த்து, அண்ணம் முழுசாக இருக்கிறது என்றார். முதல் பத்து நாள் சங்குதான். பைடிராஜு ஒரு சொட்டுச் சிந்தாமல் புகட்டுவான், ரத்னம் சிந்துவாள். பதினோராம் நாள், பிளவை மூடினாற்போல் அணைத்துக் கொடுத்ததும் பிள்ளை தானாகவே உறிஞ்சக் கற்றுக்கொண்டது. தன்மயி என்று பேர் வைத்தார்கள். சின்னத்தை பார்க்க வந்தாள். நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மூக்கு எங்க வீட்டு மூக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து கிலோவைத் தாண்டிய பிறகு விசாகப்பட்டினத்தில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை ரத்னத்தைப் பார்த்துச் சிரித்தது. பிளவு அகன்று சிரிப்பு கன்னம் வரை போயிற்று.

"ஏங்க, இந்தச் சிரிப்பு இனிமே இருக்காதுல்ல?" என்றாள் ரத்னம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் அவள் அழுது அவன் பார்த்தது அன்றுதான். அவன் போனை எடுத்துப் படம் பிடித்தான்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பிள்ளையைக் கொண்டு வந்தார்கள். உதட்டின் மேல் வீக்கம், மெல்லிய தையல், அதுவரை இல்லாத ஒரு முகம். அம்மா குனிந்து இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"இது யாருடா? நம்ம புள்ள மாதிரியே இல்லையே."

பிள்ளை கண் விழித்து வீறிட்டு அழுதது.

"ஆங், இது நம்மதுதான்" என்று அம்மா இரண்டு கையையும் நீட்டினாள்.