பெட்டி மேல் போட்ட பழி

மாவுக்கட்டுச் சுருளைத் தண்ணீரில் போட்டால் குமிழ் குமிழாகக் காற்று விடும். குமிழ் அடங்கிய பிறகுதான் அதை எடுத்துப் பிழிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாவுக்கட்டு அறையில் சிஸ்டர் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேஜையில் படுத்திருந்தவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவனை எலி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மில் கால்பந்து அணியில் முன்வரிசை ஆட்டக்காரன். குட்டை உருவம், பந்தோடு நாலு பேர் காலுக்கு நடுவில் புகுந்து வெளியே வந்துவிடுவான். இப்போது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தது.

"யாரு ஒடச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

தள்ளுவண்டி தள்ளிவந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காது. "டயர் கம்பெனி டீம் சார். நம்ம சிஸ்டர் வீட்டுக்காரர்தான் கோச்சு. கப்பும் அவங்களுக்குத்தான்."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் சுருளைப் பிழிந்தாள்.

"சிஸ்டர், சீசன் முடியறதுக்குள்ள ஆடிடலாமா?" என்று கேட்டான் எலி. வலிக்குப் போட்ட ஊசியில் நாக்குக் குழறியது.

"மொதல்ல கால் விரலை ஆட்டு, பாக்கலாம்."

கொஞ்சம் ஆட்டினான். பெரிய சாதனை செய்தவன் மாதிரி சிரிக்கவும் செய்தான். டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டு, "நடப்பான். இனிமே ஓடி ஆடறதெல்லாம் கஷ்டம். இப்ப சொல்லிக்க வேண்டாம்" என்றார்.

திரும்பி உள்ளே வந்து பஞ்சைச் சுற்றி, அதன் மேல் கட்டைச் சுற்றும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம். யார் மேல் என்று தேட வேண்டிய அவசியமே இல்லாத கோபம்.

அவள் புருஷன் டயர் கம்பெனியில் போர்மேன். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் கம்பெனி அணிக்குக் கோச். வீட்டுக் கணக்கெல்லாம் இனிமேல் இதில்தான் என்று சொல்லி, டி.வி.யோடு மாட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டி பால் கணக்குக்கூடப் பார்த்ததில்லை. கணக்கு கேசட்டுக்கு முன்னால் விளையாட்டு கேசட் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு எதுவானாலும் பாட்டு மாதிரி கேசட்டில்தான் வரும். கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டால் அது கீச்சுக் கீச்சென்று கத்தும். ஒரு டீ போட்டுக் குடித்து முடிக்கும் நேரம் கழித்து டி.வி.யில் மைதானம் வரும். கால்பந்து மாதிரிதான். ஆனால் ஆடுகிறவர்கள் கொம்பு முளைத்த அரக்கர்களும் குட்டிச்சாத்தான்களும். கையில் கோடாரி, முள் வைத்த தடி. பந்தையும் அடிக்கலாம், பந்து வைத்திருப்பவன் மண்டையையும் அடிக்கலாம். நடுவர் என்று ஒரு ஜீவன் அங்கே கிடையாது. எதிரணியில் எல்லோரையும் சாய்த்துவிட்டால் ஒரு கோல்கூடப் போடாமல் ஜெயித்துவிடலாம். சாய்ந்தவனை எலும்புக்கூடுகள் தூக்கிக்கொண்டு போகும். அடுத்த ஆட்டத்தில் அவனே புத்தம் புதுசாக வந்து நிற்பான். சின்னப்பிள்ளைத்தனமான கண்றாவி, அவ்வளவுதான்.

வினை வேறு இடத்தில் இருந்தது. அரக்கர்களுக்கு நமக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ள அதில் ஒரு வசதி. போர்மேன் ஒரு பக்கம் தன் அணியின் பெயர்களைத் தட்டினான், மறுபக்கம் மில் அணியின் பெயர்களை. எல்லாரிலும் பெரிய அரக்கனுக்கு பீரோ என்று பெயர் போட்டான். பீரோ அவனுடைய தடுப்பாட்டக்காரன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. வளைந்த காலோடு ஓடுகிற ஒரு குட்டிச்சாத்தானுக்கு எலி என்று போட்டான். பிறகு ஆட்டக்காரர்களைக் கூடத்துத் தரையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். உலகத்தில் எந்தக் கோச்சும் இப்படி ஒரு கரும்பலகை வைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

"பீரோ, உன் வேலை பந்து இல்ல. எலிதான். ஆரம்பத்திலேயே எலியைத் தூக்கிட்டா கோல் தானா வரும். பாரு, எப்படின்னு காட்டறேன்."

டி.வி.யில் பீரோ அடிப்பான், எலி குட்டிக்கரணம் போட்டு விழுவான், கூடமே அதிரும். டீ கொண்டுவந்த அவளும் ஒரு நாள் சிரித்திருக்கிறாள். இப்போது மாவுக்கட்டின் ஓரத்தை மடித்துவிடும்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்து அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது வாசற்படியில் பீரோ உட்கார்ந்திருந்தான். அவ்வளவு பெரிய உடம்பைச் சுருட்டி மடக்கி வைத்திருந்தான். உள்ளே போர்மேன் கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பையன் எப்படி இருக்கான்?"

"நடப்பானாம்."

"அப்பாடா."

"ஓட மாட்டான்."

துடைக்கிற கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தது. "மில்காரங்க லீக்ல புகார் குடுத்துட்டாங்க. புதன்கிழமை நம்ம மேனேஜர் ரூம்ல விசாரணை. அவரே ஒரு வழி சொல்லியிருக்கார். பசங்க கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் பாத்துக் கெட்டுப்போயிட்டாங்கன்னு சொல்லிடலாம். பேப்பர்ல கூட தெனம் எழுதறாங்களே. பொட்டியை ஒழிச்சுக் கட்டிட்டா விஷயம் முடிஞ்சுது."

"பீரோ?"

"அவனை எடுத்துடுவாங்க. இன்னும் வேலை நிரந்தரம் ஆகலையே. வேற எங்கயாவது பாத்துக்குவான்."

"நீங்க சொல்லித்தான அவன் பண்ணான்?"

"நான் எலும்பை ஒடைன்னா சொன்னேன்? தூக்குன்னு சொன்னேன். அது ஆட்டத்துல பேசற பேச்சு."

"எக்ஸ்ரேல பாத்தேன் உங்க பேச்சை. ரெண்டு துண்டா இருந்துது" என்றாள்.

அன்றைக்கு அவள் புருஷனுக்குச் சோறு போடவில்லை. பீரோவை உள்ளே கூப்பிட்டு அவனுக்குப் போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர, வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானடா?" என்றாள்.

"சொன்னா கோச்சுக்கு வேலை போயிடும்க்கா. அவருதான் என்னைக் கம்பெனியில சேத்துவிட்டார்" என்றான். கூடத்தில் இருந்த போர்மேனுக்கு அது கேட்டிருக்கும். கேட்காத மாதிரி இருந்தான்.

புதன்கிழமை லீக் செயலாளர் எக்ஸ்ரேயைக் கேட்டு அனுப்பியிருந்தார். டாக்டர் அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். யோசித்துத்தான் கொடுத்தாரோ என்னவோ. மேனேஜர் அறைக்குள் அவள் நுழைந்தபோது மேஜை மேல் இருந்தது அவள் வீட்டுக் கம்ப்யூட்டர். டி.வி., டேப் ரெக்கார்டர், ஒயர் எல்லாம் சாட்சி சொல்ல வந்த மாதிரி வரிசையாக இருந்தன. கேசட் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. மேனேஜரும் செயலாளரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

மைதானம் வந்தது. போர்மேன் கீபோர்டைத் தட்டிக் காட்டினான்.

"ச்சே, என்ன அக்கிரமம் இது" என்றார் மேனேஜர். கொஞ்ச நேரத்தில், "இவனை எப்படி நகத்தறது?" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கீபோர்டு அவர் கைக்குப் போய்விட்டது. செயலாளர் பக்கத்திலிருந்து, "அந்தக் குட்டையனை விடாதீங்க, அடிங்க, அடிங்க" என்றார். குட்டையன் குட்டிக்கரணம் போட்டு விழுந்ததும் இருவரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். குட்டையன் தலைக்கு மேல் எலி என்ற பெயர் தெளிவாகத்தான் இருந்தது. ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

சிரித்து முடித்ததும் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தை இறுக்கிக்கொண்டார். "பாத்தீங்களா? இதான் காரணம். பிஞ்சு மனசு, இதையே பாத்துட்டிருந்தா வேற என்ன பண்ணும்? என்னய்யா, இதைப் பாத்துத்தான அடிச்ச?"

பிஞ்சு மனசுக்குச் சொந்தக்காரனான பீரோ சுவரோரம் நின்றான். தலை குனிந்தபடி, "ஆமா சார்" என்றான்.

செயலாளர் பேனாவைத் திறந்தார். அவள் எக்ஸ்ரேயை டி.வி.யின் மேல், அந்த மைதானத்தை மறைத்து வைத்தாள். பின்னாலிருந்த வெளிச்சத்தில் உடைந்த எலும்பு பளிச்சென்று தெரிந்தது.

"இதையும் பாத்துட்டு எழுதுங்க சார். நீங்களும் இப்பதான் பாத்தீங்க, நீங்களும்தான் அடிச்சீங்க. ஒருத்தர் காலை ஒருத்தர் ஒடச்சுக்கிட்டீங்களா? சிரிச்சீங்க, நாற்காலியில உக்காந்துட்டீங்க. அப்ப இவனுக்கு மட்டும் பொட்டி என்ன தனியா கூப்பிட்டா சொல்லுச்சு?"

"சிஸ்டர், எக்ஸ்ரேயைக் குடுக்கத்தான் உங்களை வரச் சொன்னது" என்றார் மேனேஜர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "நான் சொல்லப்போறதில்ல. சொல்ல வேண்டியவர் நீங்க. நாளைக்குக் காலையில அந்தப் பையன் என்கிட்ட எப்ப ஆடலாம்னு கேப்பான். அவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். பீரோவுக்கு நீங்க சொல்லுங்க."

போர்மேன் எக்ஸ்ரேயைப் பார்த்தான். பீரோவைப் பார்த்தான். பீரோ வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினான். அந்த ஒரு தலையாட்டல்தான் போர்மேனை உடைத்தது.

"நான்தான் சார் சொன்னேன்" என்றான். "பேரு போட்டு, யாரை எப்படி அடிக்கணும்னு காட்டிக் குடுத்தேன். அவன் மாட்டேன்னுதான் சொன்னான். மாட்டேன்னா டீம்ல இடமில்ல, வேலையும் நிக்காதுன்னு சொன்னேன். எழுதிக்கங்க."

செயலாளரின் பேனா மேனேஜரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அதோட இதையும் எழுதுங்க. 'எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம், இந்த வருஷம் கப் வந்தே ஆகணும், இல்லன்னா வேற கோச் பாத்துக்கறேன்'னு என்கிட்ட சொன்னது யாருன்னு நம்ம சாரைக் கேளுங்க."

மேனேஜர் முகம் சிவந்தது. தொண்டையைக் கனைத்தார், தண்ணீர் குடித்தார். "சரி சரி, ஆளாளுக்குப் பேச வேண்டாம். நடந்தது நடந்துபோச்சு. மொதல்ல அந்தப் பொட்டியைத் தூக்கிப் போட்டு ஒடைங்க. எல்லாம் அதுலதான ஆரம்பிச்சுது?"

அவள் எக்ஸ்ரேயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒடைங்க சார், எனக்கும் வீட்ல எடம் மிச்சம். ஆனா இவன் வேலையில கை வைக்காதீங்க. அடிச்ச தப்புக்கு இவன் போய் எலி முன்னாடி நிக்கட்டும். அடிக்கச் சொன்ன தப்புக்கு இவர் நிக்கட்டும். பின்னாடியே நீங்களும் வாங்க. எந்த ஆட்டமும் எவனையும் கெடுக்கல சார். எப்படியாவது ஜெயிச்சுட்டு வான்னு அனுப்பிட்டு, ஒருத்தன் கால் ஒடஞ்சதும் பொம்மையைக் கை காட்டற பெரிய மனுஷங்கதான் கெடுக்கறாங்க."