பதினேழாவது கேள்வி

ரயில் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தது. நாளைக் காலை ஆய்வுக்கூடத்தில் சேராவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். மகள் பெட்டியைக் கட்டிவிட்டாள். அம்மாதான் விடுவதாக இல்லை.

சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகள். அம்மா ஆங்கிலம், போர்த்துகீசியம், தமிழ் மூன்றுக்கும் அகராதி தொகுக்கிறாள். தமிழ்ச் சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்வாள். மகள் முகம் சுளிக்காவிட்டால்தான் அட்டை ‘முடிந்தது’ பெட்டிக்குப் போகும். பதிப்பகத்தின் கேள்விகள் மகளின் கணினிக்கு வரும். அவள் அச்செடுத்துக் கொடுப்பாள். பதில் எழுதக் கேள்வி ஒன்றும் கையில் இல்லாத நாளில் அம்மா சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டாள்.

பதினேழாவது கேள்வி இருபத்தாறு நாளாக மேசையில் கிடந்தது. ஒன்றையே பிடித்துக்கொண்டு திரிகிறவர்களைச் சொல்லும் ‘நெர்ட்’, ‘பஃப்’ இரண்டும் ஒன்றா? போர்த்துகீசிய ‘விட்ராடு’ எதோடு சேரும்?

“நெர்டுன்னா ஒண்ணுக்குள்ள தலையை விட்டுட்டு அக்கம்பக்கத்தை மறந்தவன். பஃப் ரசிச்சு ரசிச்சுத் தெரிஞ்சு வச்சிருக்கிறவன். விட்ராடு கண்ணாடிங்கிற சொல்லுலேருந்து வந்தது. பார்த்த இடத்துலயே கண்ணு நின்னுபோயிருக்கும்,” என்றாள் அம்மா. “‘அவன் ரேடியோப் பித்தன்.’ சரியா?”

“சரிம்மா.”

“மூஞ்சியைக் காட்டுடி. சுளிக்கிறியா?”

“இல்லம்மா. ரயிலுக்கு நேரமாச்சு.”

“ரயில் எங்க ஓடிடப்போகுது?”

“ஓடுறதுதானேம்மா அதோட வேலை.”

அம்மா சிரித்தாள். “வாய் மட்டும் குறையல. ஒரு வாரம் பொறு, இந்தப் பதில் போயிடட்டும். கேட்ட ஆளு கெட்டிக்காரன்டி. இத்தனை வருஷத்துல என்னை இப்படி யாரும் கேட்டதில்ல.”

போன வேலையும் இப்படி ‘ஒரு வாரம் பொறு’ என்றதில்தான் கைநழுவியது. கதவு திறந்துதான் இருந்தது. மகளுக்குக் கால் எழவில்லை.

“நீ கிளம்புறதுன்னா கிளம்பு,” அம்மா தொலைபேசியை எடுத்தாள். “அவன்கிட்டயே நான் பேசிக்கிறேன். நம்பர் சொல்லு.”

மகள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

“ஏன்டி மரம் மாதிரி நிக்கிற?”

“பதிப்பகத்தை மூடி எட்டு மாசமாச்சும்மா. அந்தக் கேள்வியெல்லாம் நான் எழுதினது.”