கருப்பசாமிக்கு நேர்ந்த டைனோசர்

முத்துராஜ் மஞ்சள் காமாலையில் விழுந்து, பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தபோது அவன் மனைவி சுகந்தி ஒரு சேவல் குஞ்சைக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டாள். ஆள் எழுந்துவிட்டான். எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் மறுபடி ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான். குஞ்சும் சேவலாகி, ஆட்டோவில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டவுனுக்குப் போய்வர ஆரம்பித்தது. சாமிக்கு விட்டதை அடிக்கக் கூடாது என்பதால் அது யாரைக் கொத்தினாலும் கேட்பாரில்லை. பெரும்பாலும் முத்துராஜைத்தான் கொத்தும். அவனுக்கோ அதன்மேல் கொள்ளை ஆசை.

கோயிலில் பங்குனிப் பொங்கல் சாட்டி, சேவலை வெட்ட நாள் குறித்ததும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பாவம், விட்ருவோமே," என்றான்.

"ஒங்க உசுருக்கு நேந்தது. இதக் குடுக்காம, சாமி ஒங்களக் கேட்டா நான் யார்ட்டப் போயி நிப்பேன்?" என்று அழுதாள் சுகந்தி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் சிக்கல்.

சவாரிக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் போனில் வீடியோ பார்க்கிறவன் அவன். கோழி, காக்கா, குருவி எல்லாமே டைனோசர் வம்சம் என்று ஒரு வீடியோவில் கேட்டதும் துள்ளிக் குதித்தான். நேர்ந்தது சேவலை. இதுவோ டைனோசர். நேராததை எப்படி வெட்டலாம்? நல்லவேளை, இவன் வக்கீலுக்குப் படிக்கவில்லை.

பொங்கலன்று சங்கரபாண்டியனுக்கு அருள் வந்தது. மற்ற நாளில் அவர் பஞ்சு மண்டியில் எடை போடுகிறவர். அன்றைக்கு அரிவாளும் கையுமாகக் கருப்பசாமி. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முத்துராஜ் முன்னால் போய் நின்றான்.

"சாமி, இது சேவல் இல்ல. டைனோசரு."

மேளம் நின்றுவிட்டது.

"என்னலே சொல்ற?"

"காலப் பாருங்க சாமி, செதிலு. ரெண்டு கால்ல நடக்குது, முன்னால மூணு வெரலு. பல எலும்புக்குள்ள ஒண்ணுமில்ல, வெறும் பொள்ளலு. நெஞ்சுக்கு மேல கவட்ட மாதிரி ஒரு எலும்பு இருக்கு, அந்தப் பெரிய டைனோசருக்கும் அது இருந்துருக்கு. றெக்கையத் தொட்டுப் பாருங்க, உள்ள மூணு வெரலு ஒட்டிக் கெடக்கு. எறகே மொதல்ல பறக்க வரல சாமி, குளுருக்கு வந்ததாம். பல்லும் நீள வாலுந்தான் போச்சு."

"கொழம்புல ரெண்டும் ஒரே ருசிதாம்லே," என்று கூட்டத்திலிருந்து பங்காளி பொன்ராஜ் குரல் கொடுத்தான்.

சாமி சேவலை வாங்கிக் கையிலேயே எடை பார்த்தது. சேவல் சாமியின் கட்டைவிரலில் ஒரு கொத்து வைத்தது. சாமி கையை உதறிக்கொண்டதே தவிர, சங்கரபாண்டியனை விட்டு மலையேறவில்லை.

"அப்ப எம்புட்டுப் பெருசு இருந்துச்சு?"

"இதோட பங்காளி ஒண்ணு பஸ்ஸு நீளம் சாமி."

"பஸ்ஸு நீளத்துக்கு இருந்த வம்சத்துல, எனக்குக் கக்கத்துல அடங்குறதக் கொண்டாந்திருக்கியா? நான்னா ஒனக்கு எளப்பமா?"

சுகந்தி ஓடிவந்து காலில் விழுந்தாள். "அறியாத மனுசன் சாமி. அவுகள ஒண்ணும் பண்ணிராதீக."

"பண்ண மாட்டேன். ஆனா அளவு கொறைஞ்சா வாங்கவும் மாட்டேன். அந்த நீளத்துக்கு வளத்துக் கொண்டா. அதுவரைக்கும் இவன் உசுருக்கு நான் பொறுப்பு."

திருநீறு பூசி, சேவலை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டது சாமி. முத்துராஜ் அத்தனை பேர் முன்னாலும் சேவலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுகந்தி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஆட்டோவை நிறுத்தியதும் கேட்டாள்.

"அம்புட்டு வளர எத்தன வருசமாகும்?"

"பெருசு சிறுசாகவே கோடிக் கணக்குல வருசமாச்சாம்."

அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. சேவலுக்கு ஒரு கை கம்பு அள்ளிப் போட்டான் முத்துராஜ். சுகந்தி பதறிப்போய்க் குனிந்து, பாதியைத் திரும்ப அள்ளினாள்.

"அளவாப் போடுங்க. வெரசா வளந்துறப் போகுது."