மாப்பிள்ளை போட்ட பூட்டு

எங்கள் ஆம்புலன்ஸில் அவருக்குப் பெயர் ‘பூட்டு’. வாரத்தில் ஐந்து நாள் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழையாமல் காவல். சனிக்கிழமை எங்களோடு சம்பளமில்லாத முதலுதவி. மிச்ச நேரத்தில் சொந்தக் கம்பெனி. பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பது எப்போது என்று கேட்டால், “காலண்டர்ல போட்டிருக்கேண்ணே” என்பார். வண்டி ஓட்டுகிற எனக்கு இந்த ஒரு வேலைக்கே மூச்சு வாங்குகிறது.

கம்பெனியின் சரக்கு ஒன்றே ஒன்று. நோயாளியின் மருந்து விவரங்களை மொபைலில் பூட்டி வைக்கும் ஆப். “யாராலயும் திறக்க முடியாதுண்ணே, என்னாலகூட!” என்று மார்தட்டுவார். முதல் வாடிக்கையாளர் தனியாக வசிக்கும் மாமனார். பெண்ணையே கொடுத்தவர், இதற்கா மாட்டேன் என்பார்? ஃபிரிட்ஜ் கதவில் அவர் ஒட்டியிருந்த மருந்துச் சீட்டை, கண்டவன் படிப்பான் என்று பூட்டே கிழித்துப் போட்டார்.

போன சனிக்கிழமை மத்தியானம் அழைப்பு வந்தது. முகவரியைக் கேட்டதும் பூட்டின் முகம் வெளுத்துவிட்டது. மாமனார் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். தலையில் அடி, நினைவில்லை. பூட்டு கழுத்துக்குப் பட்டை போட்டார். ஆஸ்பத்திரி டாக்டர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார். “ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுறாரா? பேரு தெரிஞ்சா முறிக்கிற மருந்தை இப்பவே எடுத்து வைக்கலாம்.”

பூட்டு மனைவிக்குப் போன் போட்டார். “அப்பா போன மாசம் டாக்டரை மாத்தினாருங்க. எல்லாம் உங்க ஆப்ல இருக்குன்னாரு, அதுல பாருங்களேன்” என்று அவர் அழுதார்.

மாமனாரின் விரலை வைத்ததும் மொபைல் திறந்தது. ஆப் திறக்கவில்லை, பாஸ்வேர்டு கேட்டது.

“விரல் போதாதா?” என்றேன்.

“மயங்கிக் கிடக்கறவங்க விரலை வச்சு எவனாவது திறந்துட்டா என்ன பண்றதுன்னு...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மயங்கிக் கிடப்பவருக்காகத்தானே ஐயா அந்த ஆப்! நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மகள் பிறந்த தேதி, மகள் கல்யாணத் தேதி, வீட்டு எண் என்று மூன்று முறை போட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு ஆப் தன்னைப் பூட்டிக்கொண்டது. அந்த விதியும் அவர் எழுதியதுதான். பாவம், மனிதர் உடைந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

எங்களை அழைத்த கீழ்வீட்டுத் தையற்கார அம்மா, தயங்கித் தயங்கித் தன் அளவு நோட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். மாமனாரின் கையெழுத்தில் மருந்துகள், இரண்டாவது வரியில் அந்த மாத்திரை. எல்லாவற்றுக்கும் மேலே, அடிக்கோடு போட்டு, ‘மாப்பிள்ளை கண்ணில் பட வேண்டாம்’.

தலைப்பை விட்டுவிட்டு மற்றதைப் பூட்டு டாக்டருக்கு உரக்கப் படித்தார்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது பெரியவர் கண் விழித்திருந்தார், பக்கத்தில் பூட்டு.

“மாப்பிள்ளை, ஆப் நல்லா வேலை செஞ்சுதா?”

“பிரமாதமா செஞ்சுது மாமா.”

பெரியவர் மருமகனின் சட்டைப்பையைப் பார்த்தார். மடித்த சீட்டின் நுனி வெளியே தெரிந்தது.

“ரொம்பச் சந்தோஷம். அந்தச் சீட்டை மட்டும் மறக்காம தையக்காரம்மாகிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க.”