மாண்புமிகு ஒஸ்மார்

"நீ இன்னைக்கு நகரசபைக்கு வர வேணாம்," என்றான் ஒஸ்மார்.

அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஜந்தீரா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏன் வரக் கூடாது? நம்ம கூட்டுறவுல நாப்பத்திரண்டு பேரும் வர்றோம். எரியுலை வேணாம்னு நீ சொல்றதப் பார்க்காம, வீட்டுல உக்காந்து பீன்ஸ் வேக வைக்கச் சொல்றியா?"

அவன் கண்ணாடியைப் பார்த்தபடி டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். புது மாப்பிள்ளைக்கு இருக்கும் பதற்றம் என்று அவள் சிரித்துக்கொண்டாள். அன்று காலை அவளுக்கு அவ்வளவுதான் விளங்கியது.

இருபது வருடங்களாக இருவரும் பெட்ரா ஃபுண்டா ஊரின் குப்பையைத் தரம் பிரித்துப் பிழைத்தவர்கள். ஓடும் பெல்ட்டிலிருந்து அட்டை, புட்டி, டப்பா எனப் பொறுக்கி எடுத்து விற்பதுதான் அந்த நாற்பத்திரண்டு குடும்பங்களின் சோறு. இப்போது சாவோ பாவுலோவிலிருந்து ஒரு கம்பெனி வந்து, எல்லாவற்றையும் கொளுத்திக் கரண்ட் எடுக்கிறேன் என்றது. காகிதமும் பிளாஸ்டிக்கும்தான் அந்த உலைக்கு நெய்ச்சோறு. உலை சாப்பிட்டால் இவர்கள் பட்டினி. புகை வேறு இவர்கள் பக்கம்தான் வீசும்.

மேயரின் கட்சி ஆதரவு என்று முடிவெடுத்தது. அந்தக் கட்சியின் சபை உறுப்பினர்களில் மருந்துக்கடைக்காரர் அமௌரி மட்டும், "கட்சி என்ன சொன்னாலும் நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்," என்று கடைவாசலில் நின்று சொன்னார். மறுவாரமே மேயர் அவரை ஊர்ச் சுகாதாரச் செயலாளராக்க அழைத்தார். அவர் செயலாளராக இருக்கும்வரை, சபையில் அவருடைய இடம் கட்சியின் தேர்தல் பட்டியலில் அடுத்திருந்த ஒஸ்மாருக்கு.

அமௌரி தயங்கினார். அவரைப் போகவைத்தது ஜந்தீராதான்.

"பதவிய வாங்கிக்கோங்க ஐயா. குப்பை பொறுக்கறவன் ஒருத்தன் அந்த நாற்காலில உக்காரட்டும்."

"என் ஓட்டு உறுதி, ஜந்தீரா. அவன் ஓட்டு?"

"அவரு என் புருஷன் ஐயா!" என்றாள், அதைவிட உறுதி உலகத்தில் கிடையாது என்பதுபோல. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதுதான் நடந்தது. அன்று மாலை கூட்டுறவுக் கொட்டகையில் பட்டாசு வேறு வெடித்தார்கள்.

ஓட்டெடுப்பு நாளன்று சபையில் பார்வையாளர் வரிசை நிரம்பி வழிந்தது. ஒஸ்மாருக்குப் பீங்கான் கோப்பையில் காபி வந்தது. தலைவர், "மாண்புமிகு உறுப்பினர் ஒஸ்மார் அவர்களே," என்று விளித்தபோது ஜந்தீராவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, உலையை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஏழு கைகள் எழுந்தன. சற்றுப் பொறுத்து எட்டாவது எழுந்தது.

"அக்கா," என்றாள் பக்கத்திலிருந்த கூட்டுறவுத் தோழி நில்சா. "அது உன் ஆளு கைதானே?"

அந்தச் சட்டைக் கைக்கு இஸ்திரி போட்டது ஜந்தீராதான். எட்டுக்கு ஏழு. தீர்மானம் முதல் சுற்றில் தேறிவிட்டது. அடுத்த வாரம் இரண்டாவது சுற்றிலும் தேறினால் உலை வந்துவிடும்.

படிக்கட்டில் அவனை மறித்தாள்.

"எவ்வளவு வாங்குன?"

"ஒரு காசு வாங்கல, சத்தியமா. உலையில நம்மாளு எட்டுப் பேருக்கு வேலைன்னு தீர்மானத்துல எழுதியிருக்கு."

"கீழ என்ன எழுதியிருக்கு? பள்ளிக்கூடம் முழுசா முடிச்சிருக்கணும்னு. நம்மள்ல யாருடா முடிச்சது? நீயே நாலாவதோட நின்னவன்!"

அவன் முகம் சுருங்கியது. குரல் தாழ்ந்தது.

"இருபது வருஷமா 'ஏய் குப்பை'ன்னு கூப்பிட்டானுங்க ஜந்தீரா. இங்க 'மாண்புமிகு'ங்கிறான். எந்திரிச்சு நின்னு கை குடுக்கிறான். கட்சிய எதிர்த்தா நாளைக்கே நான் பழையபடி குப்பைதான்."

"அவன் மாண்புமிகுன்னது உன்ன இல்ல. உன் கைய."

அவளுக்கு அவன்மேல் ஆத்திரமும் பரிதாபமும் சேர்ந்தே வந்தன. பரிதாபம்தான் அதிகம் வலித்தது.

மறுநாள் காலை கூட்டுறவின் பச்சைச் சீருடையிலேயே அமௌரியின் அலுவலகத்துக்குப் போனாள்.

"செயலாளர் பதவிய விட்டுட்டு சபையில உங்க இடத்துக்குத் திரும்பி வாங்க ஐயா. தப்பு என்னோடது."

"வந்தா கட்சி என்னை வெளிய தள்ளும்."

"தள்ளும்."

"உன் புருஷனும் பெல்ட்டுக்குத்தான் திரும்பணும்."

"பெல்ட்டுல அவருக்கு இடமிருக்கு ஐயா. உலை வந்தா அதுவும் இருக்காது."

அமௌரி ஒரு தாளை எடுத்து, செயலாளர் பதவியை விடுவதாக நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். "என் மனசு மாறுறதுக்குள்ள நீயே கொண்டு போய்க் குடு."

மேயர் அலுவலகத்தில் தபால் வாங்கும் பெண், இவளுடைய சீருடையைப் பார்த்ததுமே கை காட்டினாள்.

"குப்பை எடுக்கறதுன்னா பின்வாசல்."

ஜந்தீரா காகிதத்தை மேசைமேல் வைத்தாள். அந்தப் பெண் படித்தாள். மறுபடி படித்தாள்; நிமிர்ந்து பார்த்ததும், இவள் ஒஸ்மாரின் மனைவி என்று அடையாளம் தெரிந்தது. குரலில் மரியாதை வந்துவிட்டது.

"இதுக்கு சீல் போட்டா உங்க வீட்டுக்காரர் பதவி போயிடும். தெரியும்ல?"

"தெரியும். நல்லா அழுத்திப் போடுங்க."