அளவுக்கு வைத்த ஆள்

மருதாசலம் பொம்மை செய்து சம்பளம் வாங்குகிறவர். அவர் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார். சுரங்கத்தின் மாடல் செக்‌ஷனில் பதினோரு வருஷ சர்வீஸ். டெல்லியிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் நெய்வேலி வெயிலில் சுரங்கத்துக்குள் இறங்கமாட்டார்கள். அவர்களுக்கு ஃபேனுக்குக் கீழே, மேஜை மேலே ஒரு சுரங்கம் வேண்டும். அதை வெட்டிக் கொடுக்கிற ஆள்தான் மருதாசலம். மண் அடுக்கு, நிலக்கரி அடுக்கு, பல் வைத்த பெரிய சக்கர எந்திரம், எல்லாவற்றையும் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் செய்து வைப்பார்.

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு ஆளை வைப்பார். சுற்றிலும் ஒன்றும் மறைக்காத இடமாகப் பார்த்து, நிமிர்ந்து நிற்கிற மாதிரி. ஒன்றேகால் அங்குலமும் ஒரு நூலும் உயரம், அதாவது ஐந்தரை அடி ஆள். அவனுக்கு வர்ணம் கிடையாது, முகம் கிடையாது, செய்ய ஒரு வேலையும் கிடையாது. "இந்த மெஷின் எவ்வளவு பெரிசு?" என்று வந்தவர் கேட்டால் ஆபீசர் குச்சியால் அவன் தலையைத் தொட்டுக் காட்டுவார். அதற்காகத்தான் அவன் நிற்கிறான். செக்‌ஷனில் அவனுக்கு அளவாள் என்று பெயர்.

எழுபத்து மூன்றாம் வருஷம் குடியரசு தினத்துக்கு டவுன்ஷிப் கிளப்பில் கண்காட்சி என்று முடிவானது. பொறுப்பு சக்கரபாணி சாருக்கு. அவருக்கு வாய் முந்தும், யோசனை பின்னால்தான் வரும். "மருதாசலம், இந்த வருஷம் ஒரு யுத்தக் காட்சி போட்டுடுங்க. டாங்கி, சிப்பாய், குண்டு விழுந்து புகை, எல்லாம் வரணும்" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில்தான் மருதாசலத்தின் ஒரே மகன் பழனிவேல் செத்துப்போயிருந்தான். முழுசாகப் பதின்மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"செய்யறேனுங்க" என்றார் மருதாசலம்.

அவருடைய மனத்திடத்தைப் பற்றி அன்று சாயங்காலமே பிளாக் முழுக்கப் பேசினார்கள். மனத்திடமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. ஒரு தந்தியும் இங்கிலீஷில் ஒரு கடிதமும் வந்திருந்தன. ஒரு கால்வாய்க் கரையில் எதிரியை நேருக்கு நேர் பார்த்து வீரமரணம் அடைந்தான் என்று கடிதத்தில் இருந்தது. எந்த இடத்தில் நின்றான், முன்னால் என்ன இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒன்றும் இல்லை. எந்திரத்தில் ஒரு பல் உடைந்தால் எந்த ஷிஃப்டில், சுரங்கத்தின் எந்தத் தட்டில், யார் கையில் உடைந்தது என்று நாலு பக்கம் ரிப்போர்ட் எழுதுகிற ஊர் இது. பெற்ற பிள்ளைக்கு அரைப் பக்கம்கூட இல்லையே என்று அவருக்கு ஆறவே இல்லை. அந்த இடத்தைக் கையால் செய்து பார்த்தால், பையன் எங்கே நின்றிருப்பான் என்று கைக்காவது தெரிந்துவிடும் என்று நம்பினார்.

கிளப்பின் பின்கட்டு அறையில் வேலை ஆரம்பித்தது. ஜெனரல் ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளை நேரே அங்கேதான் விடுவார். நாலுக்கு ஆறு பிளைவுட் பலகை. களிமண்ணால் கரை. கண்ணாடிக்கு அடியில் பச்சை பூசிக் கால்வாய்த் தண்ணீர். தேங்காய் நாரைக் கத்தரித்து நட்டு, அறுத்த நெல்வயல். பவுடர் டப்பாத் தகரத்தில் இரண்டு டாங்கி. செப்புக் கம்பியை எலும்பாக முறுக்கி, மேலே மெழுகு பிடித்து, இருபத்திரண்டு சிப்பாய்கள். பாதிப் பேர் கரையை ஒட்டிக் குப்புறப் படுத்திருந்தார்கள். மீதிப் பேர் ஓடினார்கள். பழனிவேலின் பழைய கடிதங்களில் இருந்த சின்னச் சின்ன விஷயங்களையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்.

பழனிவேலை மட்டும் வைக்க முடியவில்லை. அங்கே வைத்தாலும் சரியில்லை, இங்கே வைத்தாலும் சரியில்லை.

வீட்டில் மனைவி சுப்புலட்சுமி தினமும் கேட்டாள். "அவன எங்க வெச்சீங்க?"

"இன்னும் வெக்கல."

"முன்னால வையுங்க. என்ற பையன் எதுலயும் முன்னாலதான் நிப்பான். நான் வந்து பாப்பேன்."

தந்தி வந்த நாளிலிருந்து ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் போகாதவள், தானாகவே வருகிறேன் என்றாள். அவருக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அவள் சொன்னது உண்மையும் அல்ல. பழனிவேல் பயந்த சுபாவம். பட்டாளத்துக்குப் போகும் முன் சுரங்கத்தில் ஆறு மாதம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். பாறைக்கு வெடி வைக்கும்போது சங்கு ஊதுவார்கள். குட்டி குட்டியாக மூன்று ஊதினால் பதுங்க வேண்டும். வெடித்து முடித்து நீளமாக ஒன்று ஊதினால் ஆபத்து நீங்கிவிட்டது, எழுந்து வரலாம். முதல் நாள் நீளச் சங்கு ஊதி அஞ்சு நிமிஷம் கழித்தும் பையன் பள்ளத்திலேயே சுருண்டு கிடந்தான். மாடலுக்கு அளவெடுக்க அங்கே போயிருந்த மருதாசலம் அத்தனை பேருக்கு முன்னால் அவனைப் பிடித்து எழுப்பினார். "சங்கு ஊதுனப்புறமும் படுத்துக் கெடக்கறவன் ஆம்பளையா? நீளமா ஊதுனா எந்திரிக்கோணும். முழங்காலத் தட்டிட்டு நடையக் கட்டோணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் பையன் ஒரு நாளும் தாமதித்ததில்லை. நீளச் சங்கு கேட்டதும் முதல் ஆளாக எழுந்து, குனிந்து, இரண்டு முழங்காலையும் தட்டிக்கொள்வான்.

குடியரசு தினத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பலகை வேலை முடிந்துவிட்டது. மருதாசலத்தின் கை பழக்க தோஷத்தில் ஒரு காரியம் செய்தது. வர்ணம் பூசாத மெழுகு ஆள் ஒருவனை எடுத்து, கரையின் உச்சியில், யாரும் மறைக்காத இடத்தில் நிமிர்த்தி நட்டது. அளவாள். யுத்தக் காட்சிக்கு அளவாள் எதற்கு என்று யோசிக்கவில்லை. பதினோரு வருஷமாக எந்த மாடலையும் அவன் இல்லாமல் அவர் முடித்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் புது வாட்ச்மேன் ஒருவன் காவலுக்கு வந்தான். பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூர்க்காரன், பெயர் சடையப்பன். பட்டாளத்திலிருந்து வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வாசற்படியில் நின்று பலகையை எட்டிப் பார்த்தவன், அப்படியே உள்ளே வந்துவிட்டான். பார்வை முழுக்கக் கரை உச்சியில் நின்ற ஆள் மேலேயே இருந்தது.

"உங்களுக்கு யாருங்கய்யா சொன்னது?"

"எதை?"

"பழனி எழுந்து நின்னத."

மருதாசலம் கையிலிருந்த தூரிகையை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவர் பழனியின் அப்பா என்று சடையப்பனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் மூன்று மாதமாக அவர் குவார்ட்டர்ஸ் இருக்கிற தெருப் பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொள்ளப் பார்த்தான். மருதாசலம் விடவில்லை.

"சொல்லு தம்பி. எதுவா இருந்தாலும் சொல்லீரு."

"நானும் அவனும் பக்கத்துல பக்கத்துலதாங்க. இதோ, இங்க படுத்துகினு இருந்தோம்." கரைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினான். "ரெண்டு நாளா கண்ணு மூடலீங்க. காலைலேர்ந்து குண்டு. அப்பறம் ஏரோப்ளேன் வந்து போச்சி. அது போனப்பறம் ஒரு சத்தமும் இல்ல. கால்வாய்க்கு அந்தாண்ட ஒரு ஊரு. அங்க சங்கு ஊதுனாங்க. அது அந்த ஊரு சனங்களுக்கு, ஏரோப்ளேன் போயிட்டுது, வெளிய வாங்கன்னு. நீளமா ஊதுச்சிங்க. பழனி எழுந்துகினான்."

மருதாசலத்தின் பார்வை கரை உச்சிக்குப் போனது.

"சண்டைக்குப் போறவன் மாதிரி இல்லீங்க. ஷிஃப்டு முடிஞ்சி வூட்டுக்குக் கெளம்பறவன் மாதிரி. துப்பாக்கிய கீழயே வுட்டுட்டு மேல ஏறுனான். ஏறும்போதே காலப் புடிச்சி இழுத்தேன். பூட்ஸ் கயிறுதான் கைக்கு வந்துது. மேல நின்னுகினு, குனிஞ்சி முழங்காலத் தட்டுனான். அவ்ளோதாங்க. அந்தாண்ட கரையில ஆளுங்க இருந்தாங்க." அவன் பலகையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான். "ஏன் எழுந்தான், எதுக்குத் தட்டிகினான்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியலீங்கய்யா. சண்டையில முன்னால ஓடிச் செத்தான்னு நெனச்சிகினு இருக்கீங்க, இத எப்படி வந்து சொல்றதுன்னுதான் வூட்டுப் பக்கம் வரல."

சடையப்பனுக்குப் புரியாதது மருதாசலத்துக்குப் புரிந்தது. உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் அது புரியும். எழுந்து அவன் தோளைத் தொட்டார். "நீ ஒண்ணும் தப்புப் பண்ணல" என்றார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் லீவு போட்டார். சுப்புலட்சுமிக்கு இது தெரியக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார். அவளுக்காகவே புதிதாக ஒரு சிப்பாய் செய்தார். பழனிவேலின் மூக்கு, பழனிவேலின் விடைத்த காது. கையில் துப்பாக்கி, வாய் திறந்த கோஷம். எல்லோருக்கும் முன்னால், கால்வாய்க் கரையைத் தாண்டி ஓடுகிறவனாக வைத்தார். பார்த்தால் யாரும் சபாஷ் போடுவார்கள். அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அளவாளைப் பிடுங்கி எறியலாம் என்று கையை நீட்டினார். எறிய முடியவில்லை. கம்பியைச் சூடு காட்டி இடுப்பில் கொஞ்சம் வளைத்தார். தலையைத் தாழ்த்தினார். ஒரு கையை முழங்காலுக்குக் கொண்டுபோனார். முகமும் வைக்கவில்லை, வர்ணமும் பூசவில்லை. பார்க்கிறவர்களுக்குப் பாதி வேலையில் விட்ட பொம்மையாகத்தான் தெரியும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

இருபத்தாறாம் தேதி கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் கூட்டம் கிளப்புக்குள் புகுந்தது. நிலக்கரி மாடலை ஒருவரும் சீண்டவில்லை. எல்லோரும் யுத்தக் காட்சியைச் சுற்றித்தான் நின்றார்கள். டாங்கியைப் புகழ்ந்தார்கள். பஞ்சில் செய்த புகையைப் புகழ்ந்தார்கள். சக்கரபாணி சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஏம்ப்பா மருதாசலம், இவன் யாரு, கரை மேல இப்படி? எந்தச் சிப்பாயாவது துப்பாக்கி இல்லாம திறந்த வெளியில நிப்பானா? காட்சியவே கெடுக்கறான், எடுத்துடுங்க."

"அது அளவுக்கு வெச்சதுங்க சார்."

"ஓ, அளவாளா! சரி, இருக்கட்டும்."

பதினோரு மணி வாக்கில் சுப்புலட்சுமி வந்தாள். வெளுத்துப்போன ஊதாச் சேலையை நன்றாக இழுத்துப் போர்த்தியிருந்தாள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. மருதாசலம் முன்னால் ஓடுகிற சிப்பாயைக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள், யார் வீட்டுப் பிள்ளையையோ பார்த்துச் சொல்வதுபோல.

பிறகு அவள் கண் ஒவ்வொரு ஆளாகத் தேடிக்கொண்டு பின்னால் போனது. கரை மேலே போய் நின்றது. குனிந்தாள். முகம் பலகைக்கு அருகில் போய்விட்டது.

"இவன் முழங்காலத் தட்டறான்" என்றாள்.

"அது சும்மா அளவுக்கு வெச்சதும்மா" என்றார் சக்கரபாணி சார் உதவியாக.

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுரங்கத்திலிருந்து வந்து வாசற்படியில் நின்று தினமும் அவன் தட்டிய தூசி அவளுக்குத் தெரியாதா? மண்ணோடு உள்ளே வராதே என்று தினமும் அதட்டியவள் அவள்தான்.

"இது பழனி" என்றாள். "ஏனுங்க, பக்கத்துல எல்லாரும் படுத்துக் கெடக்கறாங்க. இவன் மட்டும் எதுக்கு நிக்கறான்? எந்தப் பாவி இவன எந்திரிக்கச் சொன்னது?"

மருதாசலம் இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த பொய்யில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. வாசலில் காவலுக்கு நின்ற சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் சுப்பு" என்றார். "அக்கரையில ஒரு ஊருல சங்கு ஊதுச்சாம். நீளமா. அது இவனுக்கு ஊதுனதில்ல. நீளமா ஊதுனா எந்திரிக்கோணும், இல்லாட்டி ஆம்பளையே இல்லன்னு நாலு பேருக்கு முன்னால நான்தான் சொன்னேன். அதக் கேட்டுத்தான் எந்திரிச்சான்."

அத்தனை பேருக்கு முன்னால் அவர் அழுதார். சக்கரபாணி சாருக்கு இந்தத் தடவை வாய் முந்தவில்லை.

சுப்புலட்சுமி அழவுமில்லை, அவரைத் திட்டவுமில்லை. பலகைக்கு மேலாகக் கையை நீட்டினாள். மெழுகு ஆளை இரண்டு விரலால் பிடித்துக் கரையிலிருந்து மெதுவாகக் கழற்றினாள். வளைந்த இடுப்பை விரலால் நீவி நேராக்கினாள். கரைக்குக் கீழே, மற்றவர்கள் படுத்திருந்த பள்ளத்தில், ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே அவனைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அது நமக்கு ஊதல கண்ணு" என்றாள். "நீ படுத்துக்கோ."