இடது மணிக்கட்டு

"நூற்று இருபது! சபாஷ்! இன்றைய பயிற்சி முடிந்தது!" என்று போன் கூவிய நேரம் பார்த்து, குழாயடிக்குப் போன மனைவி குடத்தோடு உள்ளே வந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. டெய்லருக்கோ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஐம்பத்திரண்டு வயசாகி, கட்டின பெண்டாட்டியிடமே பித்தலாட்டம்!

ஆரம்பத்தில் அது பித்தலாட்டம் இல்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும், தினம் ரெண்டு பஸ் மாறி வர முடியாதென்று, ஆஸ்பத்திரியில் கைக்கடிகாரம் மாதிரி ஒரு பட்டையும் போனுக்குள் ஒரு பயிற்சியும் போட்டுக் கொடுத்தார்கள். கையைத் தூக்கத் தூக்கப் பட்டை எண்ணும். அந்தக் கணக்கை பிசியோதெரபி பெண் அங்கிருந்தே பார்ப்பாள். முப்பது வருஷமாகக் குண்டூசி குத்தும் பஞ்சுப்பட்டையை இடது மணிக்கட்டில் கட்டிய மனுஷன், முதல் நாள் பழக்க தோஷத்தில் இதையும் அங்கேயே கட்டிவிட்டார். மனைவிக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கூடச் சேர்ந்து நல்ல கையும் ஆடியதில் நூறு காட்டியது. மறுநாள் தப்பு தெரிந்து வலது கைக்கு மாற்றினார். பதினொன்று. "இன்னும் முயற்சி செய்யுங்கள்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிற்று போன். மனைவியின் முகம் சுண்டிப்போனது. மூன்றாம் நாள் பட்டை பழைய இடத்துக்கே போய்விட்டது. மூன்று மாசம் ஓடிவிட்டது.

இன்றைக்கு அந்த பிசியோதெரபி பெண்ணே போனில் வந்தாள்.

"ஐயா, கணக்கு பிரமாதம்! இனி உங்களுக்குப் பட்டை தேவையில்ல. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடுங்க, இங்க ஒரு கொத்தனார் காத்திருக்காரு. முதல் ஆறு மாசம்தானே கை திரும்புற காலம்!"

மூன்று மாசத்தை இடது கைக்குத் தாரை வார்த்தாயிற்று. "சரிம்மா" என்று மட்டும் வந்தது வாயில்.

மனைவி அதற்குள் கட்டிங் மேஜையைத் துடைத்துவிட்டாள். பெட்டியிலிருந்து வெளிர்நீலத் துணி ஒன்றை எடுத்து விரித்தாள்.

"பொண்ணு திங்கக்கிழமை வேலையில சேர்றாளே. அப்பா வெட்டின சட்டையிலதான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நீங்க வெட்டிக் குடுங்க, நான் தைச்சுடுறேன்" என்று சொல்லி, கத்தரிக்கோலை அவர் வலது கைப்பக்கம் வைத்து, வெட்டத் தோதாகத் துணியின் ஓரத்தை அழுத்திப் பிடித்தாள்.

அவர் விரல்களைக் கத்தரியின் மேல் வைத்தார். வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை. கத்தரி மேஜையில் நகர்ந்து விளிம்பில் நின்றது.

"என்னங்க?"

மானம் போகிறதென்றால் இப்படித்தான் போகும்போல. அவர் தலையைக் குனிந்து, இடது மணிக்கட்டுப் பட்டையைப் பல்லால் இழுத்தார். கர்ரென்று பிரிந்தது. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். வலது மணிக்கட்டையும் பார்த்தாள். அங்கே ஒரு தடமும் இல்லை.

"அப்போ இத்தனை நாளும்..." என்றாள்.

பட்டையை வலது கையில் சுற்றி, மறுபடி பல்லால் கடித்து இறுக்கினார். தூக்கினார். போன் பேசவில்லை. இன்னொரு தரம். தோளையும் சேர்த்து உந்தினார்.

"ஒன்று" என்றது போன்.

துணி சரியாமலிருக்க அழுத்திப் பிடித்திருந்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.